துயிலாள்

பயந்த கைக்கு மோட்டார் ரிவர்ஸ் எடுக்காது. தூத்துக்குடியின் தெருக்களில் கடல் புகுந்து, பேருந்துகள் ஓடிய இடத்தில் படகுகள் ஓடத் தொடங்கிய பிறகு வந்த ஏற்பாடு அது. துறையை நெருங்கும்போது பதறிப்போய், வேகத்தைக் குறைக்காமலே படகின் பின்னால் பொருத்திய அவுட்போர்டு மோட்டாரை ரிவர்ஸில் தள்ளியவர்களால் பல படகுகள் மூழ்கியிருந்தன. அதனால் எல்லா மோட்டார்களின் கைப்பிடியிலும் 'அச்சமறி' பொருத்தினார்கள். பிடித்திருக்கும் கையின் நாடி வேகத்தையும் விரல் நடுக்கத்தையும் அது அறியும். விளக்கு பச்சையாக இருந்தால் ரிவர்ஸ் விழும். சிவந்தால் மோட்டார் தானாகவே நியூட்ரலுக்குப் போய்விடும்.

பயணிகள் படகு ஓட்டும் பிலோமிக்கு அந்த விளக்கு சிவந்து பழக்கமில்லை. துறைக்கு வெகு முன்பே வேகத்தைத் தணிப்பாள். நியூட்ரலில் சற்று மிதக்கவிட்டு, பிறகு மெதுவாக ரிவர்ஸ் போட்டு, சுவரில் உரசாமல் படகை நிறுத்துவாள். துறையில் நின்று கயிறு வாங்கிக் கட்டுவது அவள் கணவன் கிளாட்வின்.

அன்று நீரோட்டம் பின்னாலிருந்து தள்ளியது. கயிற்றுக்குக் கை நீட்டிய கிளாட்வின் பாசி பிடித்த படியில் வழுக்கி, சுவருக்கும் வரும் படகுக்கும் நடுவே விழுந்தான். பிலோமி பார்த்துவிட்டாள். விளக்கு சிவந்தது. நியூட்ரலில் கிடந்த படகை நீரோட்டம் அவனை நோக்கிக் கொண்டுபோனது.

பயணி ஒருவர் பாய்ந்து வந்து கைப்பிடியைப் பற்றினார். அப்போதும் சிவப்புதான். அவரும் பார்த்திருந்தார். படகில் பார்க்காதவர் ஒரே ஒருவர். இரவு வேலை முடித்து, அவள் காலடியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த காவலாளி. பிலோமி அவருடைய தளர்ந்த கையை இழுத்துக் கைப்பிடியில் வைத்து, தன் நடுக்கம் கருவிக்கு எட்டாதபடி அதன்மேல் ஒரு துணியைச் சுற்றி அழுத்தினாள். பச்சை எரிந்தது. ரிவர்ஸ் விழுந்தது. படகு நின்றபோது கிளாட்வினின் வலது முழங்கால் நசுங்கியிருந்தது. உயிர் இருந்தது.

விசாரணையில் நடந்ததை நடந்தபடியே சொன்னாள். கருவியை எடுத்துவிடுவார்கள் என்று நம்பினாள். விபத்துகள் நன்றாகக் குறைந்திருப்பதாகவும், ஒருத்திக்காக எதையும் மாற்ற முடியாதென்றும் அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். அவள் சொன்னதைப் படகுக்காரர்கள்தான் கவனமாகக் கேட்டிருந்தார்கள். மழைக்காலத்துக்குள் துறையில் புதிதாக ஒரு வேலை முளைத்தது. துயிலும் ஆள் என்பதால் 'துயிலாள்' என்று பெயர். தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு மோட்டாருக்குப் பக்கத்தில் தூங்க வேண்டும். உள்ளங்கையைக் கைப்பிடியோடு பட்டையால் கட்டிவிடுவார்கள். ஓட்டுகிறவர் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து ஓட்டுவார்.

நசுங்கிய காலோடு இனிக் கயிறு கட்டப் போக முடியாத கிளாட்வின், அந்த வேலைக்குப் போவதாகச் சொன்னான். பிலோமி தடுத்தாள்.

"ஓட்டுறவனுக்குக் கொஞ்சமாவது பயம் இருக்கணும்ங்க. நீங்க போய்ப் படுத்தா அவனுக்கு அது தேவையில்லாமப் போயிரும்."

"எனக்கு இருக்குற பயம் பத்தாதா பிலோமி? கண்ண மூடினா அந்தப் படகுதான் வருது," என்றான் அவன். "மாத்திரை போட்டாத்தான் தூங்குறேன்."

மறுநாளே வேறொருவன் படகில் படுக்கப் போனான்.

ஒரு சாயங்காலம், அவள் தன் படகைச் சுவரை நோக்கிக் கட்டிவிட்டு ஆட்களுக்காகக் காத்திருந்தபோது, கிளாட்வின் படுத்திருந்த படகு முழு வேகத்தில் வந்தது. ஓட்டியவன் கடைசி நொடியில்தான் சுவரைக் கவனித்தான். நியூட்ரலில் நிறுத்தாமல் ஒரேயடியாக ரிவர்ஸில் தள்ளினான். அவன் பதறியது அச்சமறிக்குத் தெரியவில்லை. படகின் பின்பக்கம் அமுங்கியது. படகு கிளப்பிவந்த அலையே பின்பலகையைத் தாண்டி உள்ளே கொட்டியது. பயணிகள் குதித்தார்கள். ஓட்டியவனும் குதித்தான். கிளாட்வின் கட்டிய கையோடு தூங்கிக்கொண்டிருந்தான்.

பிலோமி கயிற்றை அவிழ்த்துவிட்டுத் தன் மோட்டாரைக் கிளப்பினாள். ரிவர்ஸ் எடுத்தால்தான் துறையைவிட்டு வெளியே வர முடியும். விளக்கு சிவந்தது. கண்களை மூடி மூச்சை நிதானமாக இழுத்துவிட்டு மறுபடி பிடித்தாள். மறுபடியும் சிவந்தது.

கைப்பிடியை விட்டுத் தண்ணீரில் குதித்தாள். படகு இறங்கிய இடத்தில், கலங்கிய நீருக்கடியில் பச்சை வெளிச்சம் தெரிந்தது. அது சிவந்துவிட்டால் போதும், விழித்துவிட்டார் என்று அர்த்தம்.

"ஏங்க, பயப்படுங்க," என்று சொல்லிக்கொண்டே நீந்தினாள். "பயப்படுங்க."

மூச்சை அடக்கிக்கொண்டு முங்கினாள். பட்டையை அவிழ்த்து அவன் கையை விடுவிக்கும்வரை விளக்கு பச்சையாகவே இருந்தது.