டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை

டிஸ்க் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதன் தகட்டின் மேல் விரலை வைத்தால் உள்ளே ஓடும் நடுக்கம் நகக்கண் வரை ஏறியது. காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் மெல்லிய ரீங்காரமும், நடுநடுவே எதையோ தேடித் தேடித் திரும்புகிற டிக், டிக் சத்தமும் நன்றாகவே கேட்டன. ஆனால் புது சிஸ்டம் போடுவதற்காக அவன் டிவிடியிலிருந்து ஓட்டிய நிரல் மட்டும் சத்தியம் பண்ணாத குறையாக ஒரே வரியில் நின்றது. டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை.

“புளுகாதே,” என்றான் திரையைப் பார்த்து.

யாரையும் எதையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை அவன். கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழில். வீட்டு முன்னறைதான் கடை. செத்த பாகத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “உங்ககிட்ட குடுக்குறப்ப நல்லாத்தானே இருந்துச்சு” என்று வாசலில் நின்று சண்டைக்கு வந்த மகராசர்களை அவன் பார்த்திருக்கிறான். அதனால் ஒரு பழக்கம் வைத்திருந்தான். வந்த மிஷினைத் திறந்தவுடன், கழற்றக்கூடிய ஒவ்வொரு பாகத்திலும் மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு. பொட்டு இருந்தால் அதே பொருள். இல்லாவிட்டால் எவனோ மாற்றிவிட்டான். மனைவி அவனைப் பெயர் சொல்லியே கூப்பிடுவதில்லை; சி.ஐ.டி. என்றுதான் கூப்பிடுவாள்.

காலையில் அவள் ஆஸ்பத்திரி டூட்டிக்குக் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. நர்ஸ் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல், அவளோ ஊராரைப் பார்க்கப் போகவேண்டும்.

“மாத்திரை குடுத்துருங்க. அந்த டப்பாவையே பார்த்துக்கிட்டு புள்ளைய மறந்துடாதீங்க, சி.ஐ.டி. சார்.”

“தன்னை மறக்க விடுவாளா அவ? வாய் ஓயுதா பாரு.”

அவர்களுடைய ஒரே மகளுக்கு வீட்டில் பெயர் வாலு. விழித்திருந்தால் பேச்சு, தூங்கினால் பாட்டு. வார்த்தையில்லாத, அவளே கட்டிய ஒரு ராகத்தை மூக்கால் முனகிக்கொண்டேதான் தூங்குவாள். இடி இடித்தால் மட்டும் எல்லாம் நின்று, “அப்பா!” என்று ஒரு அலறல் வரும். அந்த அலறலுக்கு ஸ்க்ரூ டிரைவரைப் போட்டுவிட்டு ஓடாத நாள் அவன் வாழ்க்கையில் இல்லை. அவனுக்கு உலகத்தில் சந்தேகமே வராத ஒரே ஆள் அவள்தான்.

மனைவி போன சிறிது நேரத்தில் ஒரு பெண்மணி வந்தாள். மிஷினை ஒரு போர்வையில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போல் தூக்கி வந்தாள்.

“புது சிஸ்டம் போட்டுக் குடுங்க. பழசு ஒண்ணும் வேணாம். சுத்தமா துடைச்சிடுங்க.”

“போட்டோ கீட்டோ எடுத்து வெச்சிட்டீங்களா? அப்புறம் அழக்கூடாது.”

“ஒண்ணுமே வேணாங்க.”

அதுதான் முதல் உறுத்தல். ஒரு போட்டோகூட வேண்டாம் என்று சொன்ன வாடிக்கையாளரை இதுவரை அவன் கண்டதில்லை. வெளியே காரில் அவள் கணவன் முதுகை நிமிர்த்தி, கைகளை முழங்கால் மேல் வைத்து உட்கார்ந்திருந்தான். இவன் பார்ப்பதைக் கண்டதும் கைகூப்பி, “வணக்கம். உங்க பேரு என்ன?” என்று கேட்டான். கேட்டுவிட்டுப் புன்னகையை அப்படியே வைத்திருந்தான்.

“முன்னெல்லாம் அவருக்கு ரொம்பக் கோபம் வரும். இப்ப சரியாயிடுச்சு,” என்றாள் அவள், யாரும் கேட்காமலே.

மிஷினைத் திறந்து டிஸ்கில் பொட்டு வைத்தபோது வாலு போர்வையோடு வந்து அவன் தோளில் சாய்ந்தாள். உடம்பு கொதித்தது.

“எனக்கும் ஒண்ணு வைப்பா.”

“உனக்கு எதுக்கு?”

“என்னை யாராச்சும் மாத்திட்டாங்கன்னா? நீ எப்பிடிக் கண்டுபிடிப்ப?”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அதே பிரஷ்ஷை முக்கி, அவள் வலது காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்தான். “இனிமே எவன் மாத்துறான்னு பார்த்துடுவோம்.” அவள் கூச்சத்தில் நெளிந்துகொண்டே உள்ளறைக்குப் போய்ப் படுத்தாள். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து முனகல் பாட்டு தொடங்கியது.

அப்போது பிடித்த வேலை மதியம் தாண்டியும் நகரவில்லை. கேபிளைச் சந்தேகப்பட்டு மாற்றினான். போர்டில் வேறு வாயில் செருகினான். மிஷினின் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போய் டிஸ்க் இயங்கும் முறையை மாற்றி வைத்தான். அந்த ஒரு அமைப்பு தப்பாக இருந்தாலே சில மிஷின்களுக்குக் கண் தெரியாது. பென் டிரைவில் டிரைவர் கோப்பை வைத்து ஊட்டிப் பார்த்தான். தன் சொந்த மிஷினில் மாட்டியும் பார்த்தான். டிஸ்க் சுற்றியது, தேடியது, டிக் டிக் என்றது. அது அங்கே இருப்பதை மட்டும் எந்த மிஷினும் ஒப்புக்கொள்ளவில்லை.

கடுப்பில் அதைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். அப்போதுதான் பார்த்தான். பொட்டு இல்லை.

லேபிளின் மூலையில் வைத்தது நன்றாக நினைவிருந்தது. அறையில் அந்தப் பாலிஷின் காட்டமான வாசனைகூட இன்னும் போகவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான், நகத்தால் சுரண்டினான். துடைத்த தடம்கூட இல்லை. வைக்கவே இல்லை என்பது போல இருந்தது.

நடுவில் பால் காய்ச்ச ஒருமுறை எழுந்து போனதுதான். வாசல் கதவைப் பார்த்தான். உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. கதவிடுக்கு, மேஜைக்கு அடி, குளியலறை என்று தேடினான். குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, அதை இறுக்கி மூடினான். தன் வீட்டிலேயே திருடனைப் போல் நடக்கிறோமே என்று அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

திரும்பி வந்து, டிஸ்கே இல்லாமல் மிஷினை ஓட்டினான். பழுது போர்டிலா என்று பார்க்க அவன் செய்கிற வேலைதான் அது. பட்டியல் காலியாக வரவேண்டும்.

வரவில்லை. ஒரு டிரைவ் இருந்தது.

மேஜைமேல் கிடந்த டிஸ்கைத் தொட்டான். ஜில்லென்று கிடந்தது. பென் டிரைவாக இருக்கும் என்று அதைப் பிடுங்கிவிட்டு ரிஃப்ரெஷ் கொடுத்தான். டிரைவ் இருந்தது. போர்டிலேயே ஒட்டிக்கொள்கிற, சீட்டு மாதிரியான டிஸ்க் எங்காவது ஒளிந்திருக்குமோ என்று உலோகத் தகட்டைக் கழற்றினான். காலி இடம், கொஞ்சம் தூசி. திரையில் டிரைவின் அளவு அவனுக்குத் தெரிந்த எந்த டிஸ்கின் அளவாகவும் இல்லை. உள்ளே வாலு இருமினாள். ரிஃப்ரெஷ் கொடுத்தான். அளவு துளி கூடியிருந்தது.

டிக். டிக்.

மேஜையிலிருந்து வரவில்லை அந்தச் சத்தம். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து வந்தது.

போய்ப் பார்த்தான். வாலு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து முனகிக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரம்தான் என்று சொல்லிக்கொண்டான். அந்தக் கடிகாரம் நின்று பல மாதம் ஆகிறது என்பது திரும்பி நடக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. சரி, பல்லி எதுவாவது இருக்கும் என்று விட்டான்.

டிரைவின் உட்பிரிவுகளான பார்ட்டிஷன்களைத் திறந்தான். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தது. பாட்டு. இடி. அம்மா. அப்பா. கடைசியில் பெயரில்லாத பெரிய இடம்.

“ஆஹா,” என்றான். ஒண்ணுமே வேணாமாம்! பாட்டும் போட்டோவுமாக எதையோ எங்கேயோ ஒளித்து வைத்து, அதை இவன் கையால் அழிக்கப் பார்க்கிறாள். நாளைக்கு வந்து ‘எங்க அம்மா போட்டோவைத் தொலைச்சிட்டீங்களே’ என்பாள். நல்லவேளை, சுத்தமாகத் துடைக்கச் சொன்னதற்கு அவன் காதே சாட்சி. அவளுடைய கள்ளத்தனத்தைப் பிடித்துவிட்ட திருப்தியில் அவனுக்கு மற்றது எதுவும் தோன்றவில்லை.

இந்த வேலை செய்கிறவர்கள் எச்சரிக்கையைப் படிப்பதில்லை. கை தானாக ஓடும். தேர்ந்தெடு, டிலீட், சரி.

பாட்டு. டிலீட். சரி.

இடி. டிலீட். சரி.

அம்மா. சரி.

அப்பா. சரி.

கடைசியில் எல்லாம் ஒரே வெற்றிடமாக நின்றது. அடுத்து என்பதை அழுத்தினான். கோப்புகள் ஏறத் தொடங்கின.

வெளியே ஜன்னல் கண்ணாடி அதிர இடி விழுந்தது.

நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான், பழக்க தோஷம். அலறலுக்காகக் காத்தான்.

வரவில்லை.

முனகலும் இல்லை. எப்போது நின்றது? வீட்டில் மழைச் சத்தம் மட்டும் இருந்தது. அந்த டிக், டிக். இப்போது வேகமாக. விடாமல்.

போன் அடித்தது. மனைவி.

“இடி பயங்கரமா இருக்கே, அழறாளா? அவகிட்ட குடுங்க.”

உள்ளே ஓடினான். வாலு மல்லாந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. போனை அவள் காதில் வைத்தான்.

“வாலுக்குட்டி, அம்மாடா...”

குழந்தையின் கண் போனைப் பார்த்தது. அவனைப் பார்த்தது. கட்டிலையும் மின்விசிறியையும் எப்படிப் பார்த்ததோ, அதே மாதிரி. டிக், டிக் சத்தம் அவள் தலைக்குள்ளிருந்து வந்தது.

“என்னங்க, ஏன் பேச மாட்டேங்குறா? நான் பர்மிஷன் போட்டு வரேன்.” இணைப்பு அறுந்தது.

“வாலு. அடி வாலு. அப்பாடா. என்னைப் பாருடா கண்ணு.”

நெற்றியைத் தொட்டான். காய்ச்சல் இல்லை. மேஜையில் கிடந்த டிஸ்க் மாதிரி ஜில்லென்று இருந்தாள். தகட்டில் விரல் வைத்தபோது உணர்ந்த அதே நடுக்கம் நகக்கண் வரை ஏறியது.

முன்னறைக்குப் பாய்ந்தான். திரையில் பட்டை பாதி தாண்டியிருந்தது. அழித்ததை மீட்க முடியும். அவனே எத்தனையோ பேருக்கு மீட்டுக் கொடுத்திருக்கிறான். மேலே எதுவும் எழுதாமல் இருந்தால். எழுதிக்கொண்டிருந்தது. கண்முன்னாலேயே.

ஸ்விட்சில் கை வைத்தான்.

அழுத்தலாம். அழுத்தினால்? “நடுவுல நிறுத்தாதீங்க சார். பழசும் போயிடும், புதுசும் வராது. வெறும் டப்பாதான் மிஞ்சும்.” எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான் இதை. எவ்வளவு அலட்சியமாகச் சொல்லியிருப்பான். உள்ளே டிக் டிக் டிக். அழுத்து. வேண்டாம். ஐயோ, என் பிள்ளை. வெறும் டப்பா.

கையை எடுத்துவிட்டான்.

பட்டை நிறைந்தது. திரை அணைந்தது. உள்ளே சத்தம் நின்றது.

திரை மறுபடி வெளிச்சமானது. கட்டில் கிறீச்சிட்டது.

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு அவள் வந்தாள். ஓடியும் தடுக்கியும்தான் அவள் எங்கேயும் வருவாள். இப்போது நடந்து வந்தாள். முதுகு நேராக. கைகூப்பினாள்.

“வணக்கம்,” என்றாள். “உங்க பேரு என்ன?”

அவன் ஒரு அடி பின்வாங்கி மேஜையில் முட்டினான்.

“பரவாயில்ல. அப்புறம் சொல்லலாம். எனக்கு என்ன பேரு வைக்கலாம்?”

மாற்றிவிட்டார்கள். எவனோ மாற்றிவிட்டான். முழங்காலில் விழுந்து, அவள் தலையைத் திருப்பி, முடியை ஒதுக்கி, வலது காதுக்குப் பின்னால் பார்த்தான்.

பொட்டு இருந்தது. வைத்த இடத்தில். கலையாமல். சிவப்பாக. யாரும் மாற்றவில்லை. அதே பொருள்தான். டிஸ்கில் இல்லாத பொட்டு இவளிடம் இருந்தது; மிஷினுக்கு டிரைவ் இவள்தான்.

அவள் புன்னகையோடு பதிலுக்குக் காத்திருந்தாள். அவன் அழுவதைப் பார்த்தாள், அது என்னவென்று கேட்கவில்லை. வெளியே ஸ்கூட்டர் வந்து நின்றது. கதவு தட்டப்பட்டது.

“என்னங்க, கதவைத் திறங்க. வீடு ஏன் இவ்ளோ அமைதியா இருக்கு?”

வாலுவின் தலை கதவுப்பக்கம் திரும்பியது. மேஜைக்கு நடந்தாள். நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்து, அவன் திறப்பது போலவே உள்ளங்கையில் உருட்டித் திறந்தாள்.

“இன்னொருத்தர் வந்திருக்காங்க,” என்றாள். “அவங்களையும் சேர்க்கலாமா?”

எட்டாத தாழ்ப்பாளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். ஒரு கை தாழ்ப்பாளில். மறு கையில் பிரஷ். அதன் நுனியில் ஒரு சொட்டு, விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.