அப்பாவின் மூக்கோரப் பரு

காலையில் அப்பா முகம் மழிப்பதைப் பார்க்கவே மாரிசெல்விக்குப் பயமாக இருந்தது.

அவளுடைய அப்பா பாண்டியராஜ் பஸ் டிரைவர். சங்கரன்கோவிலுக்கும் சிவகிரிக்கும் இடையே பஸ் ஓட்டினார். கண்ணாடி முன் நின்று, ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே மழிப்பார். மூக்கின் வலது ஓரத்துக்கு வந்ததும் பாட்டு நின்றுவிடும். அங்கே கறுப்பாக, மிளகைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு பரு. பிளேடு பட்டால் ரத்தம் கசியும்.

“அப்பா, இன்னைக்கும் ரத்தம்!”

“வெறும் பருதான்ட்டி. இளவட்டங்களுக்குப் பரு வராதா?” அப்பா பஞ்சால் ஒற்றி, பிளாஸ்திரியை ஒட்டினார்.

அம்மா கோமதித்தாய் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “பாதித் தலை நரைச்சாச்சு. இளவட்டமாம்!”

இருவரும் சிரித்தார்கள். மாரிசெல்விக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவின் தலையணை உறையிலும் ரத்தப் பொட்டுகளை அவள் பார்த்திருந்தாள்.

அந்த வாரம் பள்ளிக்கூடத்துக்கு அரசு ஆஸ்பத்திரி டாக்டர் சாஜிதா பானு வந்தார். பிள்ளைகளின் கண், பல் எல்லாவற்றையும் சோதித்தார்.

“வேற ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?” என்று மாரிசெல்வியிடம் கேட்டார்.

“எனக்கு இல்ல டாக்டர். எங்க அப்பாவுக்கு.”

வரிசையே சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. “சொல்லு” என்றார்.

அவள் சொல்லச் சொல்ல, டாக்டர் கேள்வி கேட்டார். ஆறின மாதிரி இருந்து மறுபடியும் புண்ணாகுதா? ஓரம் பளபளவென்று தூக்கலாக இருக்கா? ஒவ்வொன்றுக்கும் அவள் தலையாட்டினாள்.

“அது கேன்சரா டாக்டர்?”

“நேர்ல பார்க்காமச் சொல்லக் கூடாதும்மா. ஆனா ரொம்ப நாளா ஆறாத புண்ணைக் கட்டாயம் காட்டணும். தோல்ல வர்ற கேன்சர்ல ஒரு வகை மெதுவாத்தான் வளரும். சீக்கிரம் கண்டுபிடிச்சா வெட்டி எடுத்துரலாம். அப்படியே விட்டா, பக்கத்துல இருக்கதை அரிச்சுரும். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வா.”

அன்று மாலை அம்மாவின் செல்போனில் பழைய படங்களைத் தேடினாள். இந்த வருஷ ஆடித்தபசுத் திருவிழாவில் எடுத்த படம். அப்பாவின் மூக்கோரத்தில் பரு தெரிந்தது. போன வருஷத் தபசுப் படத்தைப் பெரிதாக்கினாள். அதிலும் இருந்தது! கடுகளவில், அதே இடத்தில்.

எந்தப் பரு ஒரு வருஷம் இருக்கும்?

அப்போது அப்பா உற்சாகமாக வந்தார். “கண்டக்டர் துரைப்பாண்டி வைத்தியம் சொல்லியிருக்கான். சுண்ணாம்பு வச்சா உதிர்ந்துருமாம்!” பிளாஸ்திரியைப் பிய்த்துவிட்டு, சுண்ணாம்பை விரல் நுனியில் எடுத்தார்.

“வைக்காதீங்கப்பா!” மாரிசெல்வி பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள். இரண்டு படங்களையும் காட்டினாள்.

அப்பா வெகுநேரம் பார்த்தார். சுண்ணாம்பைத் துடைத்துவிட்டு, “சரி, அடுத்த வாரம் போவோம்” என்றார்.

அடுத்த வாரம் கேட்டபோது, “டூட்டிக்கு ஆள் இல்லட்டி” என்றார். அதற்கடுத்த வாரம், “பஸ்ல ஒரே கூட்டம். லீவு தர மாட்டாங்க” என்றார்.

மாரிசெல்விக்குக் கோபம் வந்தது. கத்த வாயெடுத்தவள், அப்பாவின் கையைப் பார்த்தாள். டீ ஆறிக்கொண்டிருக்க, அது பிளாஸ்திரியையே தடவிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு அலட்சியம் இல்லை. பயம்!

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “ஊசின்னா பயமாப்பா?”

“இம்புட்டுப் பெரிய பஸ்ஸை ஓட்டுதேன். ஊசிக்குப் பயப்படுவேனா?” டீ டம்ளரைத் தள்ளி வைத்தார். “பயந்தான். அதைவிட, டாக்டர் என்ன சொல்லுவாரோன்னு…”

“எனக்கும் பயமாத்தான் இருக்கு. ரெண்டு பேருமாச் சேர்ந்து போவோம். நான் உங்க கையப் பிடிச்சுக்கிடுதேன்.”

மறுநாளே போனார்கள். சாஜிதா பானு லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே மரத்துப்போக ஊசி போட்டு, பருவில் துளியூண்டு கிள்ளிச் சோதனைக்கு எடுத்தார்கள்.

முடிவு வரும்வரை வீட்டில் பாட்டே கேட்கவில்லை. அம்மா குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். யாரும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

முடிவு வந்தது. தோல் புற்றுநோய்தான்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாரிசெல்விதான் கேட்டாள். “வேற எங்கயாவது பரவியிருக்கா டாக்டர்?”

“இந்த வகை பரவுறது ரொம்ப அபூர்வம். சுத்தி கொஞ்சம் நல்ல தோலையும் சேர்த்து எடுத்துட்டா, பெரும்பாலும் சரியாயிரும்” என்றார் திருநெல்வேலி டாக்டர். “வருஷக்கணக்கா முகத்துல வெயில் பட்டிருக்கு. இனி தொப்பி வேணும்.”

ஆபரேஷன் அறை வாசலில் நர்ஸ் மாரிசெல்வியைத் தடுத்துவிட்டார். “நீ உள்ள வரக் கூடாது மக்கா.”

“கையப் பிடிச்சுக்கிடுதேன்னு சொல்லியிருக்கேனே!”

அப்பா தன் தோள் துண்டை அவளிடம் நீட்டினார். “இதப் பிடிச்சுக்கோ. நீ பிடிச்சிருக்கது உள்ள எனக்குத் தெரியும்.”

கதவு மூடியது. அவள் துண்டை இறுக்கிப் பிடித்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவை கதவு திறந்தபோதும் எழுந்து நின்றாள். வேறு யாராவது வந்தார்கள்.

கடைசியில் அப்பாவே நடந்து வந்தார். மூக்கோரத்தில் பெரிய கட்டு. “எறும்பு கடிச்சாப்பலதான் இருந்துச்சு” என்றார். பிறகு அவள் காதோடு, “கண்ணைத் திறக்கவே இல்லட்டி” என்றார்.

தையல் பிரிக்கப் போனபோது டாக்டர் நல்ல சேதி சொன்னார். வெட்டி எடுத்த தோலின் ஓரங்கள் சுத்தமாக இருந்தன. நோய் மிச்சமில்லை. அவ்வப்போது வந்து காட்டினால் போதும். அன்று திரும்பும் வழியெல்லாம் அப்பா பாடிக்கொண்டே வந்தார்.

ஒரு சனிக்கிழமை மாரிசெல்வி அப்பாவின் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அப்பா தலையில் அகலத் தொப்பி.

“மூஞ்சில என்ன தழும்பு, டிரைவர் அண்ணாச்சி?” என்று கேட்டார் பக்கத்து சீட்டில் இருந்த விவசாயி.

“சிவகிரி மலையில சிறுத்தை பிறாண்டிருச்சு!”

“பொய்! தோல் கேன்சர். வெட்டி எடுத்தாச்சு. ரொம்ப நாளா ஆறாத புண்ணு இருந்துச்சு, அதான்” என்றாள் மாரிசெல்வி.

விவசாயியின் கை மெல்லத் தன் காது மடலுக்குப் போனது. “எனக்கும் இங்கன ஒண்ணு ஆறவே மாட்டேங்குது…”

அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அந்த பஸ்ஸுக்கு நிறுத்தம் கிடையாது. ஆனால் அன்று நின்றது.