கரமனைக் கல்லில் மூன்று பெயர்கள்

ஒட்டுப் பசை கலந்த அன்று சூடாகும், மறுநாள் ஆறிவிடும். கரமனை ஆற்றங்கரையில் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் கல்லின் பூச்சு மட்டும் ஐந்தாம் நாள் மாலையிலும் ஆறவில்லை. நாகேஸ்வரன் புறங்கையை வைத்துப் பார்த்தார். காய்ச்சல்காரனின் கழுத்தைத் தொட்டதுபோல் இருந்தது. மட்டமான பசை, வாங்கித் தந்தவன் முட்டாள் என்று முடிவுகட்டினார். அவரைப் பொறுத்தவரை ஊரே முட்டாள்கள்தான்.

ஆயிரம் வருஷம் நின்ற கல்வெட்டு அது. கரையை அகலப்படுத்த வந்த ஜேசிபி அதை ஆறு துண்டாக்கியது. உடைக்கச் சொன்னவன் என்ஜினியர் வெங்கடேஸ்வரன். துணி துவைக்கிற கல் என்று நினைத்தானாம். துண்டுகளை ஆற்றில் தள்ளியவன் காண்டிராக்டர் பட்டாபி. பத்திரிகைகள் கத்தியதும் இருவரும் கைகட்டிக்கொண்டு கல்வெட்டு நிபுணர் நாகேஸ்வரனிடம் வந்து நின்றார்கள். ஐந்து துண்டுகள் கிடைத்தன. கடைசி வரி இருந்த துண்டு கிடைக்கவில்லை.

"மாமா, இல்லாத எடத்த வெறுமனே பூசி விட்டுடணும். அதாக்கும் முறை" என்றாள் உதவியாளர் ஆஷா.

"ஓட்டையத் தொறந்து வெக்கவாடி மந்திரி வரார்? சாசனம்னா கடசீல சாட்சிக் கையெழுத்துதான். மூணு பேர் எழுதினா எடம் நெறஞ்சுடும்."

ஈரப் பூச்சில் பழைய வட்டெழுத்தில் அவரே கீறினார். இந்தப் பக்கம் வெங்கடேஸ்வரன், அந்தப் பக்கம் பட்டாபி. உடைத்த கழுதைகள் கல் உள்ளவரை சாட்சி நிற்கட்டும். நடுவில், இருவரையும்விட ஒரு விரற்கடை உயரமாக, தன் பெயர். வாசிக்க ஊரில் எவனுக்குத் தெரியும்?

மறுநாளே பட்டாபி கரையில் கால் வழுக்கி ஆற்றில் போனான். குடித்திருப்பான் என்றார் நாகேஸ்வரன். நேற்று அளவெடுக்க இறங்கிய வெங்கடேஸ்வரன் ஏறி வரவில்லை. முழங்கால் ஆழத் தண்ணீர்.

மழைக்குள் ஆஷா ஓடிவந்தாள், ஈரச் சாக்கில் எதையோ அணைத்துக்கொண்டு. "என்ஜினியரத் தேடி எறங்கினவா இதத்தான் எடுத்தா. கடசித் துண்டு." சேற்றைத் துடைத்து, விரலால் தடவித் தடவி வாசித்தாள். "'கரை இடியாதிருக்க இதனுள் நிற்கச் சம்மதித்த மூவர்.' பேரெல்லாம் தேஞ்சு போயிடுத்து." அவள் நிமிர்ந்தாள். "சாட்சி இல்ல மாமா. உள்ள நிக்கற ஆளாக்கும்."

"போடி, நீயும் உன் வாசிப்பும்."

"உங்க பேரையாவது செதுக்கி எடுத்துடுங்கோ. நான் போய் கல்தச்சன் மாணிக்கத்தக் கூட்டிண்டு வரேன்."

அவள் போனதும் நாகேஸ்வரன் உளியை எடுத்து நடுப்பெயரில் அடித்தார். கல்லின் சத்தம் வரவில்லை. நெல் மூட்டையில் குத்தியதுபோல் மொத்தென்றது. கொட்டகைக்குள் பசை நெடியும் ஆற்றுச் சேற்றின் வாடையும் மூச்சை அடைக்க, தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருக்க, எவ்வளவு அழிந்தது என்று தெரிந்துகொள்ள, முப்பது வருஷமாகச் செய்வதுபோலவே காகிதத்தை நனைத்துக் கல்மேல் விரித்து, எழுத்துப் பள்ளங்களில் பதியும்படி தூரிகையால் தட்டினார். இனி மேலே மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாக நிற்கும்.

மழை நின்றது.

ஆற்றின் சத்தமும் நின்றது.

காகிதம் உள்ளே போனது. வெளியே வந்தது. மறுபடியும் உள்ளே. மூச்சு.

மைப் பந்தை எடுத்து ஒற்றினார். நிறுத்த நினைத்தார். கை நிற்கவில்லை. எழுத்து வரவில்லை. ஒரு நெற்றி வந்தது. திறந்த வாய். மூக்குக் கண்ணாடி. வெங்கடேஸ்வரன். அந்தப் பக்கம் தொங்கும் கன்னம், பட்டாபி. பஸ்ஸில் இடம் விடுகிறவர்கள்போல் இருவரும் தோளைத் திருப்பி ஒதுங்கி நின்றார்கள். நடுவில் வெள்ளைக் காகிதம். ஓர் ஆள் அகலம்.

நாகேஸ்வரனுக்குக் கொஞ்சம் பருமனான உடம்பு.

பட்டாபி இன்னும் சற்று நகர்ந்துகொண்டான்.