இரண்டு தட்டு

முதல் பாட்டிலேயே அது கேட்டது. டக், டக். ரெக்கார்டில் கீறல் விழுந்திருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கீறல் என்றால் சுற்றுக்கு ஒரு முறை வர வேண்டுமே. இது ஒரே ஒரு முறை வந்துவிட்டு நின்றது.

"என்ன அண்ணி, முகமே மாறிடுச்சு?" என்றாள் தம்பி மனைவி.

"ஒண்ணுமில்ல. ஊசி பழசு. என்னை மாதிரி."

தம்பி போய் ஆறு மாதம். அவனும் அவளும் சேர்ந்து வாசித்த ஜாஸ் ஆல்பம் அன்றுதான் வெளிவந்திருந்தது. அவன் ட்ரம்பெட், அவள் பியானோ. டிரம்ஸ் கிடையாது, வேறு யாரும் கிடையாது, ஒளிந்துகொள்ள இடமும் கிடையாது. தனியாகக் கேட்கத் தெம்பில்லை என்று தம்பி மனைவி மதியச் சாப்பாடு முடிந்த கையோடு ரெக்கார்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கூடவே அவனுடைய ட்ரம்பெட் பெட்டியும். அதைப் பியானோவின் தலைமேல் வைத்துவிட்டு, யாரையோ தூங்க வைத்தது போல ஒரு தட்டுத் தட்டிக்கொடுத்தாள்.

ஆல்பத்தின் அட்டை சோபாவில் சாய்ந்திருந்தது. தம்பியின் பெயர் கொட்டை எழுத்தில். அவள் பெயர் எறும்பு ஊர்ந்தது போலக் கீழே.

இரண்டாவது பாட்டு தொடங்கியது. ஜன்னல் திரைக்குப் பின்னால் வெயில் மங்கிக்கொண்டிருந்தது. அறையில் மர மெழுகின் வாசனையும் பழைய காகிதத்தின் வாசனையும் கலந்திருக்க, அதன் அடியில் இன்னொன்றும் மெல்ல எழுந்தது, பித்தளையில் வாய் வைத்து வெகுநேரம் ஊதினால் வருமே, அந்த எச்சில் கலந்த உலோக வாசனை. ட்ரம்பெட் ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனது.

டக், டக்.

கொஞ்சம் விட்டு, மறுபடியும். டக், டக்.

"அது அவர்தானே?" தம்பி மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அவர் கால்தானே, அண்ணி?"

ட்ரம்பெட் வாயில் இருக்கும்போது பேச முடியாது. அதனால் சின்ன வயதிலேயே அக்காளும் தம்பியும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். மூச்சு முட்டினால் அவன் காலால் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவான். உடனே அவள் பாட்டைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டு தனியாக வாசிப்பாள். அவன் உதட்டையும் நெஞ்சையும் ஆற விடுவான். ஆறியதும் ஒரே ஒரு தட்டு. வந்துட்டேன், விடு என்று அர்த்தம்.

கடைசிப் பாட்டைப் பதிவு செய்த அன்று அவன் தட்டினான். தட்டவில்லை என்றுதான் ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் சொன்னாள். வராந்தாவில் அழுதுகொண்டிருந்த தம்பி மனைவியிடமும் அதையே சொன்னாள். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒலிப்பதிவுக்காரருக்குப் போன் செய்து, "தரைச் சத்தம் விழுந்திருக்கு, எடுத்துடுங்க" என்றாள். "இருக்கட்டுமேம்மா, உயிரோட இருக்கு" என்றார் அவர். எடுத்தே ஆக வேண்டும் என்றாள். எடுத்துவிட்டு, அவளைக் கேட்கவும் வைத்தார். சுத்தமாக இருந்தது.

அதுவும் கடைசிப் பாட்டில்தான். இந்தப் பாட்டுகளில் அவன் தட்டவே இல்லை.

தம்பி மனைவி ரெக்கார்டைத் திருப்பிப் போட்டாள். இப்போது அதிகமாகக் கேட்டது. ஒவ்வொரு வரிக்கும் இரண்டு. பொறுமையாக, மரியாதையாக, அடுத்த அறையில் தூங்குகிறவரை எழுப்புவது போல. தம்பி மனைவி எழுந்து போய் ஒலியைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள்.

"ட்ரம்பெட் குறையுது, அண்ணி."

"ம்."

"அது குறையலையே."

ஸ்பீக்கர் இருந்தது சுவரோரம். சத்தம் வந்தது பியானோ அருகிலிருந்து. அவன் எப்போதும் நிற்கும் இடம்.

"நான் ஒண்ணு கேக்கறேன். மூணாவது தடவையா கேக்கறேன்." தம்பி மனைவியின் குரல் நடுங்கவில்லை. "அன்னைக்கு அவர் தட்டினாரா?"

அவளுக்குக் காது மடல் எரிந்தது. அறுபது வயதில், திருடி மாட்டிக்கொண்ட பிள்ளை போல விரல்களை மடியில் ஒளித்துக்கொண்டாள்.

"தட்டினான். மூணு தடவை."

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்புறம்?"

"காலையிலதான் அந்த அட்டையக் காட்டினாங்க." அதைச் சொல்லும்போதே நாக்குக் கூசியது. "என் பேரு... உன் பேருதானே பெருசா இருக்கு, நீயே ஊதுன்னு நினைச்சேன். ஒரு நிமிஷம்தான். ஊதி முடிச்சிட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சான். உதடெல்லாம் நீலம்."

தம்பி மனைவி அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா பேரு சின்னதா இருக்கு, மாத்துங்கன்னு அன்னைக்கே போன்ல சண்டை போட்டாரு. அச்சுக்குப் போயிடுச்சாம். உங்க முகத்துல எப்படி முழிக்கறதுன்னு வெட்கப்பட்டுக்கிட்டேதான் வாசிக்க வந்தாரு."

டக், டக்.

"வீட்டுலயும் தட்டுறாரு, அண்ணி. நான் துணி மடிக்கும்போது. பல் தேய்க்கும்போது. ரெண்டு ரெண்டா. எனக்குப் பியானோ வாசிக்கத் தெரியாதே, நான் என்ன பண்ணுவேன்? யாரைக் கூப்பிடறாருன்னு இன்னைக்குத்தான் நிச்சயமாச்சு."

ஊசியைத் தூக்கினாள். ரெக்கார்டை உறையில் போட்டாள். செருப்பை மாட்டினாள்.

"பெட்டிய விட்டுட்டுப் போறியே!"

"இங்கயே இருக்கட்டும்."

கதவு சாத்திக்கொண்டது. படிகளில் செருப்புச் சத்தம் இறங்கித் தேய்ந்தது. ரெக்கார்டு இல்லை. அறை அமைதி.

டக், டக்.

அவள் பியானோ முன் உட்கார்ந்தாள். "வாங்கிக்கிட்டேன்டா," என்றாள். "வாங்கிக்கிட்டேன். நீ கொஞ்சம் ஆறிக்கோ."

வாசித்தாள். தட்டு நின்றது. இருபது நிமிஷம் வாசித்திருப்பாள். ஓய்ந்து கையை எடுத்தாள்.

டக், டக். வேகமாக.

மறுபடி வாசித்தாள். ஒற்றைத் தட்டுக்காகக் காது கொடுத்தாள். ஒரே ஒரு தட்டு. வரவில்லை. திரைக்குப் பின்னால் வெளிச்சம் போனது. விளக்கைப் போட எழ முடியாது. மணிக்கட்டு வலித்தது. பிறகு தோள். பிறகு நெஞ்சு.

புறங்கையில் ஏதோ சொட்டியது. தண்ணீர். ஊதும் மூச்சு ட்ரம்பெட்டின் குழாய்க்குள் நீராகிச் சொட்டுமே, அது. ஆறு மாதமாக யாரும் தொடாத பெட்டியின் விளிம்பிலிருந்து. வெதுவெதுப்பாக.

மூச்சு முட்டியது. காலைத் தூக்கித் தரையில் தட்டினாள்.

டக், டக்.

தலைக்கு மேலே பெட்டியின் கொக்கி மெல்ல விடுபட்டது. மூடி ஒரு விரல் அளவு உயர்ந்தது. இருட்டுக்குள் யாரோ மூச்சை இழுத்து, ஊதாமல் பிடித்துக்கொண்டார்கள். அவள் தட்டியது அவனுக்குக் கேட்டதுதான். கேட்காதது போல.

டக், டக், என்று தட்டிக்கொண்டே அவள் வாசித்தாள்.