ஆறு கார்டுகளும் மேசையில்

விரலை எடுத்த பிறகும் சுரம் நிற்கவில்லை. விடைபெற்ற பிறகும் வாசலிலேயே நின்று பேசும் விருந்தாளியைப் போல இழுத்தடித்துவிட்டு, மனமில்லாமல் அடங்கியது.

ரிப்பேர்காரர் ஒரு கெட்ட வார்த்தையை வாய்க்குள்ளேயே மென்றார். அதே பழுது, ஐந்தாவது முறை. கட்டைகளின் அடியில் துடைத்தாயிற்று, கெப்பாசிட்டர்களை மாற்றியாயிற்று, சாலிடரை உருக்கி மறுபடி வைத்தாயிற்று. நாற்பது வயதான அந்த சிந்தசைசர், ஒவ்வொரு முறையும் சரிசெய்ததும் இங்கே சாதுவாக இருக்கும். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனதும் பழைய குணத்தைக் காட்டும்.

அதன் முதுகில் ‘இசைப் பேரொளி’ என்று ஸ்டிக்கர். பட்டத்தைக் கொடுத்ததும் சொந்தக்காரரே, அச்சடித்ததும் அவரே. பேரொளி காலையில் போனில் சொல்லிவிட்டார்: "நாளைக்கு மேடையில இழுத்துச்சுன்னா, யார் ரிப்பேர் பண்ணதுன்னு மைக்லயே சொல்லிடுவேன்."

இருபத்தைந்து வருடம் சம்பாதித்த பெயர், ஒரு மைக்கில் போய்விடும்.

"என்னங்க, அதைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்," அடுப்படியிலிருந்து மனைவி.

"ஆஃப் பண்ணி பத்து நிமிஷம் ஆச்சு."

"அப்போ யாரு பாடுறா, உங்க பெரியம்மாவா? காலையிலேர்ந்து என் தொண்டையில வந்து உட்கார்ந்திருக்கு."

"தண்ணி குடி."

"குடிச்சாச்சு. அசையல."

அவர் அதற்குள் மூடியைத் திறந்துவிட்டார். சூடான தூசியும் கருகிய அரக்கும் கலந்த வாசனை எழுந்து, மூடிய ஜன்னலின் மதிய வெளிச்சத்தில் மெல்ல மிதந்து, அடுப்படிக் குழாயின் சத்தத்தோடு அறையை நிரப்பியது. உள்ளே ஆறு சர்க்யூட் கார்டுகள். ஒரு கார்டுக்கு ஒரு குரல். ஒவ்வொன்றாகக் கழற்றினால் குற்றவாளி அகப்படும். ஒன்றைக் கழற்றி, மறுபடி சுவிட்சைப் போட்டு அழுத்தினார், இழுத்தது. இரண்டைக் கழற்றினார், இன்னும் நீளமாக. ஐந்தைக் கழற்றியபோது அவர் மூச்சை விட்டு மறுபடி வாங்கும்வரை இழுத்தது.

ஆறாவதையும் பிடுங்கினார். எரிச்சலில் ஸ்பீக்கர் வயரையும்.

"இப்போ கத்து, பார்க்கலாம்," என்று அழுத்தினார்.

கத்தியது.

ஸ்பீக்கரிலிருந்து அல்ல. அடுப்படிப் பக்கமிருந்து.

திரும்பினார். கதவருகே மனைவி. கையில் சொட்டும் தட்டு. வாய் திறந்திருந்தது. அதே சுரம்.

விரலை எடுத்தார். நிற்கவில்லை.

சுவிட்சை அணைத்தார். பிளக்கை உருவினார். நிற்கவில்லை.

அவள் தொண்டை அசையவில்லை. மார்பு எழவில்லை. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. கண் மட்டும் அவரை விடவில்லை.

மாட்டிக்கொண்ட சுரத்தைப் பக்கத்துக் கட்டையை அழுத்தித் துரத்துவது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது. யோசிக்கவில்லை. கை போய்விட்டது. அழுத்தினார்.

முதல் சுரம் போகவில்லை.

இரண்டாவதற்கு இடம்விட, அவள் வாய் இன்னும் கொஞ்சம் அகன்றது.