சொமர்செற் ஒழுங்கையின் முன்கதவு

பெப்ரவரி இரண்டாம் ஞாயிறு, பூசை முடிந்து பகல் பன்னிரண்டரை மணியளவில், கஸ்பர் ஓட்டிய வான் ஹாதோர்ன் பார்க் குடியிருப்பின் கல்தூண்களுக்கு இடையால் உள்ளே நுழைந்தது. பின்சீற்றில் இருந்த மக்டலீன் செபமாலையைக் கைப்பையில் போட்டு, சிப்பை இழுத்து மூடி, பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார். வேலைக்குப் போகிறவர்கள் இறங்க ஆயத்தமாவது அப்படித்தான்.

முன்சீற்றில், கணவன் கஸ்பருக்குப் பக்கத்தில் இருந்த மகள் றோஸ்மேரி அதைக் கண்ணாடியில் கண்டாள். இன்றைக்கு அம்மா வேலைக்கு வரவில்லை. டோர்செட் பார்க் மாடிவீட்டில் தனியே இருந்தது போதும் என்று, மகளோடு இருக்க வருகிறார்.

ஹாதோர்ன் பார்க்கை உண்டாக்கியவர் ஏறக்குறைய நூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு காணி வியாபாரி. ரொறன்ரோவின் தெருக்கள் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல நேராக ஓட, அவர் மட்டும் வேண்டுமென்றே ஒழுங்கைகளை வளைத்து, சொமர்செற், டெவன், கென்ற் என்று பெயர் வைத்தார். கறுத்த மரச்சட்டம் போட்ட வெள்ளைச் சுவர்கள். ஈயம் பின்னிய சின்னச் சின்னக் கண்ணாடிகள். மதில் இல்லாமலே ஒருவரும் கால் வைக்காத புல்தரை. காணி உறுதிப் பத்திரத்தில் ஒரு நிபந்தனையும் எழுதுவித்தார். வெள்ளைக்காரர் அல்லாதவர் இந்தக் காணிகளை வாங்கவோ, இங்கே குடியிருக்கவோ கூடாது. வீட்டு வேலையாட்களுக்கு மட்டும் விலக்கு.

வீடு வாங்கியபோது சட்டத்தரணி அந்தப் பக்கத்தைக் காட்டிச் சிரித்தார். "உது செல்லாமப் போய் எத்தினையோ வருசம், தங்கச்சி. பேப்பரில மட்டும்தான் கிடக்கு."

சொமர்செற் ஒழுங்கையின் கடைசி வீடு அது. பத்தொன்பது வருடம் அந்த வீட்டைத் துடைத்தவர் மக்டலீன். பள்ளி விடுமுறைகளில் றோஸ்மேரி பக்கக் கதவின் படியில் புத்தகத்தோடு காத்திருப்பாள். ஒரு மணிக்கு அம்மா வெளியே வந்து தன் சான்விச்சில் பாதியைக் கொடுப்பார். முன்னறை எப்படியிருக்கும் என்று கேட்டால், "அங்க உனக்கென்ன அலுவல்?" என்று மட்டும் சொல்லுவார். வீட்டுக்காரி மிசிஸ் ஹார்கோட் இறந்து, வீடு விலைக்கு வந்த அன்றே றோஸ்மேரி முடிவெடுத்துவிட்டாள். அம்மாவை முன்கதவால் கூட்டிக்கொண்டு போய் முன்னறையில் இருத்தவேண்டும். அந்த ஒன்றுக்காகத்தான் வீடு.

குடிவந்து இரண்டு கிழமை. முன்படியில் பனி இறுகிக் கிடந்ததால், கராஜில் வானை விட்டு, பக்கக் கதவாலேயே போய்வந்தார்கள். ஒரு குறையும் இருக்கவில்லை.

"மாமி, ரெண்டு வாளி உப்புப் போட்டுப் படியைத் துப்புரவாக்கி வச்சிருக்கிறன். மகாராணி மாதிரி ஏறுங்கோ," என்றான் கஸ்பர்.

மக்டலீன் இறங்கினார். இறங்கி, நேரே பக்கக் கதவுக்கு நடந்தார்.

"அம்மா! இஞ்சால."

"உதால வேண்டாம் பிள்ளை. நான் இப்பிடியே வாறன்."

"அம்மா, இது என்ர வீடு. உங்கட வீடு. நீங்கள் இன்னும் ஆருக்குப் பயப்பிடுறியள்?"

மக்டலீன் மகளின் முகத்தைப் பார்த்தார். மகள் அவரைவிட அரையடி உயரம். அண்ணாந்துதான் பார்க்கவேண்டும். பிறகு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, முன்படியில் கால் வைத்தார்.

கதவு சத்தமில்லாமல் திறந்தது. உள்ளே கஞ்சி போட்ட துணியின் மணம், ஈரக் கம்பளி மணம். குடிவந்த இரண்டு கிழமையில் ஒருநாளும் இல்லாத மணம்.

மூவரும் பூட்ஸைக் கழற்றிக் கதவடியில் விரித்த மிதியடியில் வைத்தார்கள். றோஸ்மேரி அம்மாவை யன்னலோரச் சோபாவில் இருத்தினாள். மக்டலீன் விளிம்பில் குந்தினார். சாயவில்லை. கஸ்பர் அம்மாவின் பெட்டிகளை எடுக்க வானுக்குத் திரும்பியவன் வாசலில் நின்றான்.

"றோஸ், மாமியின்ர பூட்ஸை நீயோ எடுத்தனி?"

மிதியடியில் இரண்டு சோடிதான் இருந்தன.

மூன்றாவது சோடி பக்கக் கதவடியில் இருந்தது. பனிச்சேறு துடைத்து, ஈரம் போக்கி, ஒன்றோடொன்று ஒட்டவைத்து. நுனிகள் வெளியே பார்த்தபடி.

றோஸ்மேரி அதைத் தூக்கிக்கொண்டு வந்து முன்மிதியடியில் வைத்தாள். கஸ்பர் தன்னுடையதை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அவள் ஒரு தடவை யன்னலைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

மிதியடியில் அவளுடைய சோடி மட்டும்.

"நீ எத்தினை தரம் கொண்டுவந்து வச்சாலும் உதுதான் நடக்கும்," என்றார் மக்டலீன் தாழ்ந்த குரலில். தன் வலது கைச் சின்னவிரலைத் தடவினார். கோணலாகிப்போன விரல். வேலையில் முறிந்தது என்றுதான் றோஸ்மேரிக்குச் சொல்லியிருந்தார். "முதல்நாள் நான் முன்கதவாலதான் வந்தனான். கதவு விரலில சாத்துப்பட்டது. காத்தும் இல்லை, ஆளும் இல்லை. மிசிஸ் ஹார்கோட் நல்ல மனுசி. கட்டுப் போட்டுவிட்டுச் சொன்னவ, 'அவவுக்குப் பிடிக்காது, நீ பக்கத்தால வா' எண்டு."

"எவவுக்கு?"

"இந்த வீட்டில முதல் இருந்தவவுக்கு."

அறை குளிர்ந்தது. ஹீற்றர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் மக்டலீனின் வாயிலிருந்து ஆவி வந்தது.

"ஒரு துணி தா பிள்ளை. நான் எழும்பி எதையாவது துடைச்சா நிண்டிடும்."

"நீங்கள் எழும்பக்கூடாது!" றோஸ்மேரி அம்மாவின் தோளைப் பிடித்து இருத்தினாள். "பத்தொன்பது வருசம் துடைச்சது காணும். இருங்கோ. நான் தேத்தண்ணி கொண்டுவாறன்."

மக்டலீன் இருந்தார். மகளுக்காக.

குசினியில் றோஸ்மேரி கேத்திலைப் போட்டாள். கல்யாணத்துக்குக் கிடைத்து, ஒருநாளும் எடுக்காத கோப்பைகளைத் தட்டில் அடுக்கினாள். முதுகுக்குப் பின்னால் முன்னறைக் கதவு மெல்லச் சாத்துப்பட்டது.

பிடியைத் திருகினாள். திரும்பவில்லை.

மறுபக்கத்தில் அம்மாவின் குரல். வீட்டில் பேசும் குரல் அல்ல. அந்தக் காலத்தில் ரெலிபோனில் மட்டும் கேட்ட, மெலிந்த, பணிந்த குரல்.

"யெஸ் மேடம்."

இடைவெளி. யாரோ பேசி முடிக்கக் காத்திருப்பதுபோல.

"சொறி மேடம். நோ மேடம். சொறி."

"அம்மா!" கதவில் இரண்டு கையாலும் அடித்தாள். "அம்மா, ஒருத்தருக்கும் சொறி சொல்லாதேங்கோ!"

பிடி தானாகத் திரும்பியது.

சோபா வெறுமையாக இருந்தது. முன்கதவு விரியத் திறந்து கிடந்தது. வெளியே வெயில், பனி, ஒருவரும் கால் வைக்காத புல்தரை. அதன் குறுக்கே வீட்டைச் சுற்றிக்கொண்டு போகும் காலுறைத் தடங்கள்.

பக்கக் கதவில் தட்டும் சத்தம் கேட்டது.

மூன்று தட்டு. பிறகு மூன்று.

றோஸ்மேரி ஓடிப்போய்த் திறந்தாள். மக்டலீன் நனைந்த காலுறையோடு பனியில் நின்றார். உதடுகள் நீலம். கைப்பை நெஞ்சோடு. பெட்டியும் கையுமாக ஓடிவந்த கஸ்பர், "மாமி!" என்றான். அவர் திரும்பவில்லை. மகளின் முகத்தைப் பார்க்காமல், அவள் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் சொன்னார்.

"குட் மோர்னிங் மேடம். ஐ ஆம் லேற். சொறி மேடம்."

"அம்மா, நான் றோஸ். உங்கட மகள்."

"யெஸ் மேடம்."

உள்ளே கூட்டிவந்து எந்தப் பெயரைச் சொன்னாலும், எந்தக் கையைப் பிடித்தாலும் அதே பதில். கஸ்பர் அம்புலன்சுக்கு ரெலிபோன் எடுத்தான். றோஸ்மேரி அம்மாவின் கண்களைத் தேடினாள். அங்கே அவளுக்கென்று ஒன்றும் இருக்கவில்லை. இந்த வீடு முழுவதையும் கொடுத்தாலும் அம்மா "பிள்ளை" என்று கூப்பிடுவதை இனி ஒருதரமும் கேட்கக் கிடைக்காதுபோல இருந்தது.

அவள் சிங்கில் கிடந்த துணியை எடுத்தாள். முன்வாசலுக்குப் போனாள். பூட்ஸ் வைத்த இடத்தில் மூன்று சோடிக் காலின் அழுக்கும் தண்ணீரும் தேங்கி நின்றன. முழங்காலில் இருந்தாள். ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை, அம்மா செய்ததுபோல, தன்னை நோக்கி இழுத்து இழுத்துத் துடைத்தாள். கண்ணீர் விழுந்த இடத்தையும் துடைத்தாள்.

"சொறி மேடம்," என்றாள், ஒருவரும் இல்லாத மாடிப்படியைப் பார்த்து.

முன்கதவு தானாகச் சாத்துப்பட்டது. மெல்ல, மரியாதையாக. குளிர் விலகியது.

"றோஸ்?" பின்னாலிருந்து அம்மாவின் குரல். "என்ன பிள்ளை நிலத்தில இருக்கிறாய்? என்ர கால் ஏன் ஈரம்?"

அதற்குப் பிறகு ஒரு நிமிடமும் நிற்கவில்லை. அம்புலன்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பக்கக் கதவடியில் கிடந்த அம்மாவின் பூட்ஸை மாட்டிவிட்டு, தான் வீட்டுச் செருப்போடேயே அம்மாவை வானில் ஏற்றினாள். அவளுடைய பூட்ஸ் முன்மிதியடியிலேயே கிடந்தது. திரும்பிப் போய் எடுக்க மனம் வரவில்லை.

பாதி வழியில் மக்டலீன் கேட்டார். "அவவுக்கு என்ன சொன்னனி?"

"சொறி எண்டு மட்டும்தான்."

"துடைச்சனியோ?"

"ஓம்."

"முழங்காலில இருந்தோ?"

"ஓம் அம்மா."

மக்டலீன் மகளின் கையை எடுத்துக் கோணல் விரலோடு பொத்திப் பிடித்தவர், டோர்செட் பார்க் வரும்வரை விடவில்லை.

வீட்டை விற்கக் கொடுத்தார்கள். அந்த ஞாயிறுக்கு ஒன்பது நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, சாமான் ஏற்றும் லொறியோடு றோஸ்மேரியும் கஸ்பரும் போனார்கள். அதுவரை ஒருவரும் உள்ளே போகவில்லை. திறப்புகள் இரண்டும் அவளுடைய கைப்பையிலேயே இருந்தன. முன்கதவை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. பக்கக் கதவைத் திறந்தாள். ஹீற்றர் எப்போதோ நின்றுபோனதால் வீடு குளிர்ந்து, மூச்சு ஆவியாகும் அளவுக்கு விறைத்துக் கிடந்தது.

கதவுக்குப் பின்னால், அம்மா வேலைக்கு வந்த காலத்தில் தன் கோட்டை மாட்டும் கொழுக்கியில், வேலைக்காரிகள் கட்டும் ஒரு வெள்ளை ஏப்ரன் தொங்கியது. அதன் கீழே அவள் விட்டுப்போன பூட்ஸ். துடைத்து, பொலிஷ் போட்டு, ஒட்டவைத்து. இந்தமுறை நுனிகள் உள்ளே பார்த்தபடி.

"உது மாமியின்ர பழையதோ?" என்றான் கஸ்பர்.

அம்மாவுக்கென்றால் அது அளவுக்கு மிஞ்சிய நீளம். றோஸ்மேரி தன் உடம்போடு பிடித்துப் பார்த்தாள். சரியாக முழங்காலுக்குக் கீழே நின்றது.

கஞ்சி போட்டு ஸ்திரிக்கை பிடித்த துணி.

இன்னும் சூடாக இருந்தது.