புள்ளி இல்லாத பெயர்

"சவமா...? யாராச்சும் கையில போயி சவம்னு குத்திக்குவாங்களா?"

தஞ்சோங் கிளிங் கடலோரக் கடையில் மழைக்கு ஒதுங்கியிருந்த தாரணிக்கு, அது தன்னிடம் கேட்ட கேள்வி என்றே முதலில் உறைக்கவில்லை. திரும்பினாள். பாதி நனைந்த ஒருவன், தேநீர் வாங்க அவள் நீட்டிய கையில் பச்சை குத்தியிருந்த 'சவன'வையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். சிரிப்பு கண் வரைக்கும் எட்டியிருந்தது. அழகான கண்கள்தான்... அதனாலேயே இன்னும் எரிச்சல் வந்தது.

"என்னா சொன்னீங்க?"

"இல்ல சிஸ்டர், 'ம்' வர்ற இடத்துல 'ன' போட்டு, புள்ளியும் வைக்காம விட்டுட்டான் லா. எந்தக் கடை? நானும் டாட்டூ தொழில்தான், அதான் கண்ணு போயிருச்சு..."

அவள் கையைத் திருப்பிக் காட்டினாள். மணிக்கட்டின் மறுபக்கத்தில், தனியாக ஒரு 'கே'.

"கேசவன். எங்கண்ணன் பேரு. செத்துப் போயி இன்னும் வருஷம் திரும்பல."

அவன் முகம் வெளிறிப்போனது. மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், தேநீரை அப்படியே மேசையில் வைத்துவிட்டுக் கொட்டுகிற மழையில் இறங்கி நடந்தாள் தாரணி.

செலண்டாரில் இருக்கும் வீட்டுக்குப் போகும் பேருந்தில் அவள் அந்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். தாரணி மலாய்ப் பள்ளியில் படித்தவள். தமிழ் வாய் நிறையப் பேசுவாள், எழுத்து மட்டும் தெரியாது. மோட்டர் சைக்கிளில் வேலைக்குப் போன அண்ணனைச் செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லோரி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமலே போய்விட்டது. அவன் பெயரைத் தோழி ஒருத்தி கைப்பேசியில் தட்டிக் கொடுத்தாள். அதைத் தமிழ் அறியாத ஒரு கடைக்காரரிடம் காட்டிக் குத்திக்கொண்டாள். எழுத்துக்கு நடுவில் விழுந்த இடைவெளியைப் பார்த்து, அவர் அதை இரண்டு சொல் என்று எண்ணி, மணிக்கட்டின் இரு பக்கமும் பிரித்துக் குத்திவிட்டார்.

தமிழ் தெரியாதவர் குத்தியது என்று சொல்லி அன்று ஆசையாக நீட்டிய கையை அம்மா பவானேஸ்வரி ஒரே ஒரு முறை பார்த்தார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்.

"இந்தக் கையால எனக்குச் சோறு போடாத."

அவ்வளவுதான் சொன்னார். அன்றிலிருந்து மகள் பரிமாறி ஒரு வாய்கூட உண்டதில்லை. பச்சை குத்தியதுதான் கோபம் என்று இத்தனை மாதமும் நினைத்திருந்தாளே! அம்மா அந்தக் கையில் எதைப் படித்தார் என்று இன்றைக்கு ஒரு முன்பின் தெரியாதவன் சொல்லித்தான் விளங்கியது. பெற்ற வயிறு எப்படிப் பற்றி எரிந்திருக்கும்...

அடுத்த வாரம் விசாரித்துக்கொண்டு அவன் கடைக்கே போய் நின்றாள். பெயர் நிவேந்திரன்.

"அடிக்க வந்தீங்களா?"

"வேலை குடுக்க வந்தேன். கறுப்பு அடிச்சு முழுசா மூடிடுங்க."

"மூடிட்டா...? உங்கண்ணன் பேரு?"

அந்தக் கேள்வியில் அவள் உடைந்தாள். சோறு வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். கடைசியில், "பழசை மூடிடுவோம். அதுக்குக் கொஞ்சம் மேல தள்ளி, பேரைப் புதுசா எழுதுவோம். என் எழுத்துல வேணாம். உங்கம்மா எழுதிக் குடுக்கட்டும், அது மேலயே ஊசி ஓட்டறேன்," என்றான்.

"என் மூஞ்சியவே பாக்க மாட்டறாங்க. எழுதிக் குடுத்துருவாங்களா?"

"நான் வந்து கேக்கறேன்."

"நீங்க யாருன்னு வந்து கேப்பீங்க?"

"அதையும் யோசிச்சு வைக்கறேன் லா..."

ஞாயிற்றுக்கிழமை வந்தான். வாசலில் நின்ற பவானேஸ்வரி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"யாருப்பா நீ?"

"அந்தப் பேரைத் தப்பா குத்தினவன் ஆண்ட்டி. நான்தான்."

தாரணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லை என்று அவள் சொல்வதற்குள் அம்மாவின் கை அவன் கன்னத்தில் இறங்கிவிட்டது.

"எம் புள்ளையைச் சவம்னு எழுதிட்டியேடா... சவம்னு எழுதிட்டியே!"

அடி மேல் அடி. அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. அடித்து ஓய்ந்த பவானேஸ்வரி, அவன் சட்டையையே இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். மகனைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட மரக்கட்டையாக நின்றவர் அவர். அழுது முடித்து ஒரு தாள் கேட்டார். மகன் பெயரை எழுதி அவனிடம் நீட்டிவிட்டு, உள்ளே போய்விட்டார்.

தாரணி அவன் மோட்டர் வரைக்கும் ஓடினாள்.

"எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"அவங்களுக்கு யாரையாச்சும் அடிக்கணும். லோரிக்காரன் கெடைக்கல... உங்கள அடிக்க மனசு வரல. சரி, நான் கெடைச்சேன்."

"இனிமே எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பொண்ணு கேக்க வருவீங்க?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உணர்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிவந்து தடித்த கன்னத்தோடு அவன் அவளையே பார்த்தான். அந்தக் கண்களில் இப்போது சிரிப்பு இல்லை.

"உங்களப் புடிச்சிருக்கு தாரணி. அன்னிக்குக் கையத் திருப்பிக் காட்டினீங்களே... அப்பவே. ஆனா உண்மைய அம்மாகிட்ட சொல்லாதீங்க. அந்தக் கோபம் திரும்ப உங்க மேலதான் வரும். நான் பாவியாவே இருந்துட்டுப் போறேன்."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஹெல்மெட்டை எடுத்தான்.

தாரணி உள்ளே வந்தபோது அம்மா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார்.

"பசிக்குது. சோறு போடு."

எத்தனை மாதம் கழித்து! தாரணிக்குக் கண்ணை நீர் மறைத்தது. சோறு போட்டாள். அம்மா பிசைந்து ஒரு வாய் உண்டார். சும்மா இருந்துவிட்டால் போதும், இந்தச் சோறு இனி நிற்காது. வெளியே மோட்டரைக் கிளப்ப அவன் உதைக்கும் சத்தம் கேட்டது...

"அம்மா... அவரு குத்தல. தமிழ் தெரியாத ஆள்கிட்டப் போயி நான்தான் குத்திக்கிட்டேன். எம்மேல விழ வேண்டிய அடிய அவரு வாங்கிட்டாரு. அவர எனக்குப் புடிச்சிருக்கும்மா..."

பிசைந்த கை நின்றது.

"கடைக்காரருக்குத் தமிழ் தெரியாதுன்னு அன்னிக்கு நீதானே சொன்ன," என்றார் மெல்ல. "தெரிஞ்சேதான் அடிச்சேன்."

அம்மாவின் பார்வை வாசலுக்குப் போனது.

"அவ்வளவு அடி வாங்கிட்டு வெறும் வயித்தோட போறான் பாரு... ஓடிப் போயி கூப்பிடு."